கறுப்பு மிஷினுக்கு எதிர்ப்பக்கம்

மதினி, நீ பொய் சொன்னாய். கறுப்பு மிஷின் நூலை அறுக்கிறது, துணியைக் கடிக்கிறது, இனி அது எதற்கும் ஆகாது என்று குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னாய். பிறகு அதை இரும்புக் கடையில் போட்டாச்சு என்றாய். இரண்டுமே பொய். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மதினி என்றதும் என் அண்ணன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கும் எனக்கும் சொந்தமே கிடையாது. எங்கள் பக்கம் பழகிய பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிடுவோம். நான் அவளை மதினி என்பேன், அவள் என்னை மதினி என்பாள். அவள் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நான் திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். டவுனுக்கு வாக்கப்பட்டு வந்தேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது போர்வை.

போர்வை என்றால் கடையில் பிளாஸ்டிக் பையில் தொங்குமே அது இல்லை. பழைய நூல் சேலைகளை அடுக்கி, நடுவில் கிழிந்த வேட்டி, லுங்கி, தறியில் மிஞ்சிய துண்டுத் துணி எல்லாம் பரப்பி, மேலே இருப்பதிலேயே நல்ல சேலையைப் போட்டு, நெடுக வரிசை வரிசையாகத் தைத்தால் அதுதான் சேலைப் போர்வை. பிள்ளை பெற்ற வீட்டில் கேட்பார்கள். ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கேட்பார்கள். எல்லாரையும் விட அதிகம் வாங்குவது லாரி டிரைவர்கள். தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கப் பலகை இருக்கும். அதில் விரிக்க இதை விட நல்லது கிடையாது. வேர்வையை இழுத்துக்கொள்ளும். உதறினால் தூசி போய்விடும்.

எங்கள் மகளிர் குழுவில் ஊறுகாய் போடுகிறவர்கள் உண்டு, முறுக்குச் சுடுகிறவர்கள் உண்டு. போர்வை தைத்தது நாங்கள் மூன்று பேர். நான், மதினி, எம்.ரெட்டியபட்டியில் இருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற அக்கா. குழுவுக்கென்று வாடகைக்குப் பிடித்த ஓர் அறை. அதன் நடுவில் கறுப்பு மிஷின்.

அது கால் மிஷின். திருச்சுழியில் கடையை மூடிவிட்ட ஒரு டெய்லரிடம் வாங்கினோம். லோடு ஆட்டோவில் நானும் மதினியும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோம். ரோட்டில் குழி வந்தபோதெல்லாம் மதினி தெலுங்கில் டிரைவரைத் திட்டினாள். அந்த ஆளுக்குத் தெலுங்கு தெரியும் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. "நல்லா பேசுறீக மதினி, எங்க வீட்டுல கூட இப்பிடித் திட்ட மாட்டாக" என்று அவனே சொல்லிவிட்டுப் போனான். மதினி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள்.

பழசெல்லாம் தங்கம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. எனக்குப் பழைய ஊரும் வேண்டாம், பழைய காலமும் வேண்டாம். கால் மிஷினில் எத்தனையோ குறை உண்டு. தோல் பெல்ட் வெயிலில் நீண்டு கழன்றுவிடும். எண்ணெய் விட்ட மறுநாள் வெள்ளைத் துணி தைக்க முடியாது. முழங்கால் வலிக்கும். ரெட்டியபட்டி அக்கா அதில் உட்காரவே மாட்டார். "என் கால்ல இருக்கிற நோவுக்கு இன்னும் இதை வேற மிதிக்கணுமா? பவர் மிஷின் வாங்குங்கடி, சும்மா தொட்டாப் போதும், அது பாட்டுக்கு ஓடும்" என்பார். துணி வெட்டுவது, அடுக்குவது, பெரிய ஊசியில் நூலோட்டுவது எல்லாம் அவர் வேலை.

எந்த மிஷின் நல்லது என்று எங்கள் அறையில் பேசாத நாள் கிடையாது. போனில் ஒரு வெள்ளைக்கார அம்மா போர்வை தைக்கிற வீடியோ வரும். அந்த அம்மா வீட்டில் சுவர் முழுக்கப் பழைய மிஷின்களாக அடுக்கி வைத்திருந்தார். கூடவே டிவி மாதிரி திரை வைத்த புது மிஷினும் ஒன்று. துண்டு சேர்க்கப் பழையது, மேலே பூ வேலைக்குப் புதியது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். எங்களுக்குப் பாஷை புரியவில்லை. கை புரிந்தது.

"பாத்தியா, அவுகளே ரெண்டும் வேணுங்கிறாக" என்றார் அக்கா.

"அவுக வீட்டுல எடமிருக்கு. இங்க மிஷின் வைக்கவா, நாம உக்காரவா?" என்றாள் மதினி.

"நீ எந்தப் பக்கம்டி?"

"நான் மிஷினுக்கு அந்தப் பக்கம்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கனத்த போர்வையைக் கால் மிஷினில் ஒருத்தியாகத் தைக்க முடியாது. பாய் மாதிரி சுருட்டிய போர்வையை மிஷினின் கைக்கு அடியில் நுழைத்து, முன்னால் உட்கார்ந்து நான் மிதித்துத் தள்ளுவேன். மதினி மிஷினுக்கு எதிர்ப்பக்கம், எனக்கு நேர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தைத்து வருவதைப் பின்னாலிருந்து இழுத்து மடியில் வாங்குவாள். அவள் வேகமாக இழுத்தால் ஊசி வளைந்து ஒடியும். விட்டுவிட்டால் அடியில் துணி மடிந்து முடிச்சாகிவிடும். என் கால் போகிற வேகத்துக்கு அவள் கை போக வேண்டும். அதற்கு எங்களுக்கு இரண்டே வார்த்தை. இரண்டும் அவள் வீட்டுத் தெலுங்கு. இழு என்பதற்கு லாகு. நில் என்பதற்கு ஆகு. கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படவில்லை. நான் மூச்சை இழுத்தால் அவள் கை நிற்கும்.

அந்த மிஷினுக்குப் பின்னோக்கித் தைக்கிற வசதி கிடையாது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் மேல்நூலையும் அடிநூலையும் கையால்தான் முடிச்சுப் போட வேண்டும். வரிசை முடிகிற இடம் அவள் மடியில் வந்து விழுவதால் முடிச்சு அவள் வேலை. தறியில் நெடுக ஓடும் பாவில் இழை அறுந்தால் தறிக்காரர்கள் போடுவார்களே, அந்த முடிச்சைப் போடுவாள். விரலால் தடவினால் இருப்பதே தெரியாது. நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன், வரவில்லை. "பருத்தி எடுத்த கைக்கு இது வராது மதினி, செடியப் பிடுங்குற மாதிரி பிடுங்குற" என்பாள்.

எனக்கும் ஒரு வேலை அந்த மிஷினில் மட்டும்தான் உண்டு. துணியை நகர்த்துகிற பல் ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. சும்மா விட்டால் நீள வரிசை முடிகிற இடத்தில் இடப்பக்கம் வளைந்துகொண்டே போகும். வலது உள்ளங்கையால் துணியைச் சற்று அழுத்திப் பிடித்து இழுத்து வைத்தால் நேராகப் போகும். எந்த அளவுக்கு அழுத்துவது என்று சொல்லித்தர முடியாது. கைக்குப் பழக வேண்டும்.

இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து எத்தனை வருஷம் தைத்தோமோ. கல்யாணமான பிறகு என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்த ஆள் மதினி மட்டும்தான். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், சாப்பிட்ட பிறகு போனைப் பார்ப்பார். மதினி என்னைப் பார்த்துக்கொண்டே இழுப்பாள். நான் காலையில் சாப்பிடவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவாள். "மொகம் எண்ணெ வழியுது, போய்த் தின்னுட்டு வா, மிஷின் எங்கயும் ஓடிப்போகாது." அவள் வீட்டில் சண்டை நடந்த அன்று முடிச்சை இறுக்கிப் போடுவாள், நூல் அறுந்துவிடும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மெதுவாக மிதிப்பேன். அவளாகவே ஆரம்பிப்பாள். ஊசிச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது.

நாங்கள் செய்யாத தப்பு இல்லை. அதில் ஒன்று, போர்வை தைக்கிற பெண்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. மடியில் கிடப்பது சேலை. உடம்பில் கட்டியிருப்பதும் சேலை. எது போர்வை, எது முந்தானை என்று ஒரு நேரம் கைக்குத் தெரியாது. மதினியின் முந்தானை போர்வைச் சுருளோடு சுருளாக உள்ளே போய், ஊசிக்கு அடியில் நுழைந்து, போர்வையோடு சேர்ந்து தைபட்டுவிடும். பல தடவை நடந்திருக்கிறது. ரெட்டியபட்டி அக்கா கத்திரியோடு வந்து பிரித்துவிடுவார். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் தைப்போம்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. என்ன, அன்று ஆட்கள் இருந்தார்கள்.

குழுவுக்கு லோனு கொடுப்பதற்கு முன்னால் வேலையைப் பார்வையிட ஒரு மேடம் வந்தார். கூட இரண்டு பேர், கையில் போன். பந்தல்குடிக் கடைக்குக் கொடுக்க வேண்டிய போர்வை மிஷினில் பாதியில் இருந்தது. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே மதினி, "வாங்க மேடம்" என்று கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தாள். அவளோடு போர்வையும் எழுந்தது. ஸ்டூல் கவிழ்ந்தது. மடியிலிருந்து சுருள் உருண்டு விரிய, அது இழுத்த இழுப்பில் அவள் முந்தானை தோளை விட்டு இறங்கிவிட்டது. அவள் இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு நின்றாள். போர்வை அவளுக்கும் மிஷினுக்கும் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது.

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "மதினியவும் சேத்துத் தச்சாச்சு மேடம். வெலையக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. கூட வந்த பையன்களும் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் போனில் எடுத்துவிட்டான். மாலைக்குள் அது குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. முறுக்குச் சுடுகிறவர்கள் எல்லாம் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகமாகப் போட்டார்கள். மதினி வீட்டு ஆண்களும் பார்த்திருப்பார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அறையில் மதினி சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் என் முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டேன். அவள் முகம் கறுத்துப் போயிருந்தது. மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மிஷின் பழசு மேடம். துணியக் கடிச்சு இழுக்குது. நூல அறுக்குது. இத வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியல."

எனக்குப் புரியவில்லை. "மிஷின் என்ன மேடம் செய்யும்? சேலையோட சேல கலந்துபோச்சு. இது எங்களுக்கு எப்பவும் நடக்குறதுதான்" என்றேன்.

"எப்பவும் நடக்குமா?" என்றார் மேடம். கூட வந்தவனிடம், பாதுகாப்பு இல்லாத பழைய இயந்திரம் என்றோ என்னவோ சொன்னார். நான் மிஷினுக்காகப் பேசப் போனது மிஷினுக்கு எதிராகவே முடிந்தது. மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்திலும் எழுந்து நின்று அதையே சொன்னாள். கூட்டத்தில் நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றேன். "புதுசு வேண்டாங்கிற ஒரே ஆளு நீதான். பவுசு பண்ணாத" என்றார்கள். பவர் மிஷின் வந்தது. மூன்று.

பவர் மிஷினை நான் குறை சொல்ல மாட்டேன். மிதிக்க வேண்டியது இல்லை, பாதத்தை வைத்தாலே ஓடுகிறது. பின்னோக்கித் தைக்கிறது. முடிச்சுத் தேவை இல்லை. நூலைத் தானே வெட்டுகிறது. ஊசிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. கனத்த போர்வையை ஒருத்தியாகவே தைக்கலாம், அகலமான மேஜை தாங்கிக்கொள்கிறது. ரெட்டியபட்டி அக்கா இப்போது தானே தைக்கிறார், என்னை விட வேகமாகத் தைக்கிறார், அதில் அவருக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தால் நான் வாயைத் திறக்க முடியாது. கரண்டு போனால் மட்டும் மூன்றும் சேர்ந்து நின்றுவிடும். அது மிஷின் குற்றம் இல்லை.

என் குறை வேறு. பவர் மிஷினுக்குப் பிளக் வேண்டும். பிளக் சுவரில் இருக்கிறது. அதனால் மூன்று மிஷினும் சுவரைப் பார்த்து நிற்கின்றன. அறைக்குள் நுழைந்தால் முதுகுதான் தெரியும். நான் தைக்கும்போது எனக்கு எதிரே சுண்ணாம்பு. அதில் ஒரு ஆணி. ஒரு நாள் பழக்க தோஷத்தில் வாய்விட்டு "லாகு" என்று சொல்லிவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, "யாரடி கூப்புடுற?" என்றார்.

மதினியைத்தான் கூப்பிட்டேன். அவள் அறையில் இல்லை. மூன்றாவது பவர் மிஷினில் கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். பிறகு வீட்டில் தறி வேலை அதிகம் என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டாள். மாதக் கூட்டத்துக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

கறுப்பு மிஷின் போனபோது நான் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்கு மதுரையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அறை நடுவில் வெறும் தரை. நான்கு கால் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. அக்காவைக் கேட்டேன். "மதினிதான் ஆளக் கூட்டியாந்து தூக்கிட்டுப் போனா. இரும்புக் கடைக்குப் போட்டாச்சாம். எடத்த அடச்சுக்கிட்டுக் கிடந்துச்சு, போகட்டும் விடு" என்றார்.

நான் விடவில்லை. விருதுநகர் ரோட்டில் இருக்கிற இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். கால் உடைந்த கட்டில்கள், மோட்டார், சைக்கிள் எல்லாம் இருந்தது. கறுப்பு மிஷின் எங்கேயும் இல்லை. "அந்த மாதிரி மிஷின் வந்தா ஓட்டல்காரங்க வந்து கொத்திட்டுப் போயிருவாங்கக்கா. மேல கண்ணாடி போட்டு மேசையாக்கிருவாங்க" என்றான் ஒரு கடைக்காரன். அதைக் கேட்டதிலிருந்து எந்த ஓட்டலுக்குப் போனாலும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆளாகிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னோடு ஓட்டலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

போன கோடையில் பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் தாங்காமல் போர்வை விற்கிற அந்தக் கடைக்குள் ஒதுங்கினேன். எங்கள் போர்வைகள் ஒரு பக்கம் அடுக்கி இருந்தன. அதற்கு மேல் ஒன்று, எங்களுடையது இல்லை. மாம்பழக் கலர் சேலை மேலே போட்டது. சும்மா கையில் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வரிசைகள் முடிகிற இடத்தில் எல்லாம் இடப்பக்கம் வளைந்திருந்தன. ஒன்று விடாமல் எல்லாமே. பல் தேய்ந்த மிஷின். வரிசை முனையில் பின்தையல் இல்லை. முடிச்சு இருந்தது. விரலால் தடவினேன், தட்டுப்படவில்லை. துணியைத் திருப்பிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அடியில் எங்கேயும் துணி மடியவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி அளவாக இழுத்திருக்கிறாள்.

"இது யார் குடுத்தது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"உங்க குழுவுல இருந்தாகளே, தறிக்கார அம்மா, அவுகதான். கொஞ்ச நாளா தனியாக் குடுக்குறாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். பஸ்ஸு வந்தது, போனது. நான் ஏறவில்லை. அந்தப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அவள் மடியில் கிடந்த துணி. கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார். வெயிலில் மயக்கம் என்று நினைத்துவிட்டார்.

மிஷினை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வளைவுதான் என்னைக் கொன்றது. முன்னால் உட்கார்ந்து மிதித்தவளுக்கு வலது உள்ளங்கையை அழுத்தத் தெரியவில்லை. அப்படியென்றால் மிதித்தது வேறு ஆள். முடிச்சு மதினியுடையது என்றால் மதினி வழக்கம்போல எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நேர் எதிரே, நான் உட்கார்ந்த இடத்தில், யாரோ இருக்கிறார்கள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவள் இப்போது இழுக்கிறாள்.

ஒருத்தியாகவே முன்னால் மிதித்து, பின்னால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டிருப்பாளோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் அடியில் துணி மடியாமல் இருக்காது.

மறுநாள் அவள் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி. பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலே கேட்காது. அவள் வீட்டுக்குள் கால் மிஷின் ஓடினாலும் வெளியே தெரியப் போவதில்லை. கதவைத் தட்டினேன். பாதிக் கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மதினி, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். ஒன்னயப் பாத்து நாளாச்சு."

"பேத்தி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. தவழுறா."

"உள்ள பாவு விரிச்சுக் கிடக்கு. கால் வைக்க எடமில்ல."

"நான் உள்ள வாரேன்னு சொல்லலயே."

நிலையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மிஷின் எண்ணெய். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம். வாரேன்."

"சரி மதினி."

எங்கள் ஊரில் வீடு தேடி வந்தவளை உள்ளே வா என்று சொல்லாமல் அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஆனால் வாய் சொல்லாததை முகம் சொன்னது. அவ்வளவு காலம் எதிரே உட்கார்ந்து பார்த்த முகம் அது. நான் திரும்பி நடக்கும்போது அவள் கதவைச் சாத்தவில்லை. தெரு முனை வரை எனக்கு அது முதுகில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் போன் எடுப்பதை நிறுத்தினாள். நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

இத்தனை மாதம் யோசித்தேன். அன்று எல்லாரும் சிரித்தபோது நான் சிரித்தேனா என்று கூட யோசித்தேன். சிரிக்கவில்லை. "எப்பவும் நடக்குறதுதான்" என்று மேடத்திடம் சொன்னேனே, அது அவளைக் குத்தியிருக்குமா? எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த கேலியை வெளி ஆள் முன்னால் எடுத்துப் போட்டேன் என்று நினைத்தாளா? அப்படி நினைத்தால் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே. தெலுங்கில் திட்ட வேண்டியதுதானே. எனக்குப் புரியாத தெலுங்கா?

மதினி, இனி உன்னோடு பேசுகிறேன்.

மிஷினை நீயே வைத்துக்கொள். நான் திருப்பிக் கேட்கவில்லை. பெல்ட்டை மாற்று, வெயிலில் நீண்டிருக்கும். உனக்கு எதிரே உட்காருவது உன் மகளோ, பக்கத்து வீட்டுக்காரியோ, யாராக இருந்தாலும் எனக்கு அந்த ஆள் மேல் கோபம் இல்லை. சுவரைப் பார்த்துத் தைத்துத் தைத்து எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. டாக்டர் குனியாதே என்கிறார். நான் குனிவதால் வந்த வலி இல்லை இது. நிமிர்ந்து பார்க்க ஆள் இல்லாததால் வந்தது. அதை நான் டாக்டரிடம் எப்படிச் சொல்ல?

கறுப்பு மிஷின் கெட்டது என்று நீ எல்லார் முன்னாலும் சொன்னாய். எல்லாரும் நம்பினார்கள். புதுசு பிடிக்காத பிடிவாதக்காரி என்று எனக்குப் பெயர் வைத்தார்கள், இன்றைக்கும் அந்தப் பெயர்தான். ரெட்டியபட்டி அக்காவை அனுப்பிச் சமாதானம் சொல்லாதே. சந்தில் என்னைப் பார்க்கும்போது காதோடு எதையாவது சொல்லிவிட்டுப் போகவும் பார்க்காதே, நான் கேட்க மாட்டேன். எங்கே சொன்னாயோ அங்கேயே சொல்லு. வருகிற மாதக் கூட்டத்துக்கு வா. ஊறுகாய்க்காரர்கள், முறுக்குக்காரர்கள், அக்கா, எல்லாரும் இருக்கும்போது எழுந்து நில். அந்த மிஷின் நூலை அறுத்ததா இல்லையா, சொல்லு. அறுக்கவில்லை என்றால், நல்ல மிஷினை வைத்துக்கொண்டு என்னை ஏன் விட்டாய், அதையும் அவர்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லு.